அளவுப் புத்தகம்

பீடோங் கடைத்தெரு, பெட்ரோல் கடைக்கு எதிர்வரிசை,
அஞ்சடியில் என் தையல் மெஷின்.
அவன் பாட்டைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.
என்னிடம் அளவுதான் இருக்கிறது.

ஐம்பத்தெட்டு, தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு:
சவரிராயன், இரண்டாவது லயம்.
இடுப்பு இருபத்தேழு. கால் அகலம் பதினான்கு.
"கால் நுழையுமா?" என்றேன்.
"நுழைய வையுங்கள், கூட்டம் அதைத்தான் பார்க்க வருகிறது,"
பதில் சொன்னவர் சிலுவாரைப் போடப்போகிறவர் அல்ல,
கிராணி உத்தியோகத்தை உதறிவிட்டு
மேனேஜர் ஆகியிருந்த தைரியநாதன்.
பையன் மேல் ஒட்டுப்பால் வாடை.
எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தான், அவ்வளவுதான்.

அன்றைக்கே பெயருக்கும் கத்தரி.
சவரி தரையில் விழுந்தது. ராயனில் பாதி நின்றது.
ரிக்கி ராய் என்று அட்டையில் எழுதி
அவன் நெஞ்சுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்
துணி பார்ப்பதுபோல.

சம்பள நாள் இரவு, படம் விட்ட பிறகு
கொட்டகையில் கால் மணி நேரம்.
கிட்டார் பினாங்கிலிருந்து வாடகைக்கு வந்தது.
அவன் முழங்காலை மடக்கித் தரையைத் தொட்டான்,
நான் இரட்டைத் தையல் ஓட்டிய இடம்
தாங்கியது.
விசில் அடித்தது பால்வெட்டுக்காரிகள்.
விடிந்தால் பெரட்டு,
ஒருத்தியும் எழுந்து போகவில்லை.

அறுபத்து நான்கு: சாம்பல் கோட்டு, காலர் கிடையாது, நான்கு.
"ஒற்றை ஆள் ஆடினால் இப்போது யார் பார்க்கிறார்கள்?
நாலு பேர், ஒரே வெட்டு, ஒரே தலைமுடி.
பாட்டும் இனி மலாயில்."
ரிக்கிக்கு இடமிருந்து இரண்டாவது இடம்.

அறுபத்தாறு: கைநுனியில் சுருக்கு வைத்த சட்டை.
அறுபத்தொன்பது: பக்கம் வெறுமை.
அந்த வருஷம் இருட்டிய பிறகு யார் வெளியே வந்தார்கள்.
எழுபத்தொன்று: கால் அகலம் இருபத்து நான்கு.
பதின்மூன்று வருஷத்தில் பத்து அங்குலம்.
இடுப்பு கூடியது ஒரே ஒரு அங்குலம், அதையும் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு பத்தியும் உண்டு, சிவப்பு மையில்.
கோட்டு, சட்டை, சிலுவார், எல்லாம்
பாடகன் கணக்கில் பற்று.
"முப்பதை நாற்பத்தைந்தாகப் போடுங்கள்,"
குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், மனிதருக்கு வெட்கம் இருந்தது.
போட்டேன்.
பதினைந்தில் ஐந்து என் மேசைக்குள் விழுந்தது.
என் மகள் பள்ளிச் சப்பாத்து அந்த ஐந்தில் வாங்கியது.

பிறகு அதே கோட்டோடு வந்தார்,
கூடவே பதினேழு வயதில் ஒரு பையன்.
கல்யாணங்களில் சினிமாப் பாட்டு, அதற்குத்தான் இப்போது அழைப்பு.
"கோட்டைப் பிடித்துக் கொடுங்கள்,
நாலு ஜிகினா வைத்தால் புதுசு."
உள்துணியைப் பிரித்தேன்.
அக்குளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.
தட்டினேன், போகவில்லை,
அதன் மேலேயே தைத்தேன்.

அதே சமயம் தோட்டத்திலும்
ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள்.
விலை போகாதாம்.
மரத்தையும் யாரும் கேட்கவில்லை.

எழுபத்து நான்கு, சனிக்கிழமை, மழை.
சவரிராயன் தனியாக வந்தான்,
குலை வெட்டும் வேலைக்குக் காக்கிச் சிலுவார் வேண்டும்.
"கால் அகலம்?"
"கால் நுழைந்தால் போதும் அண்ணே."
புத்தகத்தை எடுத்தேன்.
"எழுத வேண்டாம், ரொக்கம்,"
ஈர நோட்டுகளை மேசையில் பிரித்து வைத்தான்.
சில்லறையைத் தேடிக்கொண்டிருந்தபோது கேட்டான்:
"அந்தச் சாம்பல் கோட்டு நிஜத்தில் எவ்வளவு?"

மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன்.
"முப்பது."

சிரித்தான், முதல்நாள் சிரித்த அதே சிரிப்பு.
"போட்டுக்கொண்டு நின்றபோது
நாற்பத்தைந்து மாதிரிதான் இருந்தது."

காக்கி எட்டு வெள்ளி.
செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன்.